பழைய நிரலை நீக்கலாமா? திறமூலத் திட்டங்களுக்குப் புதியவர்களுக்கான வழிமுறை

திறமூலத் திட்டத்தில், அதாவது மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் மென்பொருள் திட்டத்தில், புதிதாகச் சேர்பவர் கண்ணில் முதலில் படுவது, பல ஆண்டுகளாக யாரும் தொடாத கோப்புகள்தான். உடனே நீக்கிவிடத் தோன்றும். பொறுங்கள். நிரலின் வயது எதையும் சொல்லாது. அதை யார் பயன்படுத்துகிறார்கள், யார் பராமரிக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் முடிவெடுக்க முடியும்.

படி 1: வரலாறு

நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் (Git) கருவியில் கிட் பிளேம் கட்டளையை இயக்கி, அந்த வரிகள் எந்த கமிட்டில் (பதிவான மாற்றத்தில்), எதற்காக வந்தன என்று படியுங்கள். காரணமில்லாததுபோல் தெரியும் ஒரு நிபந்தனை, யாரோ ஒருவரின் கணினியில் வந்த வழுவைத் தீர்க்க எழுதப்பட்டிருக்கலாம்.

படி 2: அழைப்பவர்கள்

செயற்கூறின் (function) பெயரை, கோப்புகளில் சொல் தேடும் கிட் கிரெப் கட்டளை கொண்டு தேடுங்கள். எதுவும் கிடைக்காவிட்டாலும் நம்பிவிடாதீர்கள். பைத்தான் மொழியில் பெயரை இயங்கும் நேரத்தில் உருவாக்கி அழைக்க முடியும்; அது தேடலில் சிக்காது. பயன்படாத நிரலைக் காட்டும் வல்ச்சர் போன்ற கருவிகள் தரும் பட்டியலையும் சந்தேகப் பட்டியலாக மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் திட்டம் பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஒரு நூலகம் என்றால் அழைப்பவர்கள் வெளியே இருக்கிறார்கள். உங்கள் திட்டக் கோப்புகள் இருக்கும் களஞ்சியத்தில் எவ்வளவு தேடினாலும் அவர்கள் தெரியமாட்டார்கள். உள்ளுக்குள் மட்டும் பயன்படுவதற்கான நிரல், இப்போது அதை யாரும் அழைப்பதில்லை என்று உறுதியானால் நேராகப் படி 5-க்குப் போகலாம்.

படி 3: வைத்திருப்பதன் விலை

இங்கேதான் நிதானமாக யோசிக்க வேண்டும். லினக்ஸ் இயங்குதளம் பிறந்ததே இன்டெலின் 386 சிப் கொண்ட கணினியில்தான். ஆனாலும் 2012 டிசம்பரில் 386 சிப்புக்கான ஆதரவு லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலிருந்து நீக்கப்பட்டது. அடுத்து வந்த 486 சிப்பில் உள்ள சில கட்டளைகள் 386-இல் இல்லை. அதனால் பல செயலிகள் சேர்ந்து இயங்குவதற்கான அடிப்படை நிரலை மாற்றும்போதெல்லாம் அந்தப் பழைய சிப்புக்காகத் தனியாக உழைக்க வேண்டியிருந்தது. மற்ற எல்லோரின் வேலையையும் ஒரு பகுதி தடுக்கிறது என்றால், அதன் பெருமை எவ்வளவு இருந்தாலும் நீக்குவதே சரி.

பிளாப்பி வட்டுகளைக் கையாளும் கெர்னல் நிரலான பிளாப்பி இயக்கியின் கதை வேறு. 2019-இல் அதற்குப் பராமரிப்பாளர் இல்லை என்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் குறித்தார், நீக்கவில்லை. உண்மையான பிளாப்பி டிரைவ்கள் அரிதாகிவிட்டாலும், மெய்நிகர் கணினிகள் அந்த டிரைவைப் போலச் செய்துகாட்டுகின்றன. அதனால் அந்த இயக்கிக்குப் பயனர்கள் இருக்கிறார்கள்.

படி 4: அறிவிப்பு

பொதுப் பயன்பாட்டில் உள்ளதைச் சொல்லாமல் நீக்குவது பயனர்களுக்குச் செய்யும் அநீதி. பைத்தான் குழு, அந்த மொழியுடன் சேர்ந்தே வந்த சிஜிஐ, டெல்நெட்லிப் உள்ளிட்ட 19 மாட்யூல்களை (தயார் நிரல் தொகுப்புகளை) நீக்கிய விதம் நல்ல முன்மாதிரி: 2022-இல் 3.11 பதிப்பில் எச்சரிக்கை, 2024-இல் 3.13 பதிப்பில் நீக்கம். எச்சரிக்கையில் மாற்று வழியையும் எழுதுங்கள். இடைப்பட்ட காலத்தில் யாராவது தேவை என்று வந்தால், பராமரிக்க முடியுமா என்று அவரிடமே கேளுங்கள்.

படி 5: நீக்கம்

சோதனைகள், ஆவணங்கள், அமைவுத் தெரிவுகள் ஆகியவற்றையும் சேர்த்து, நீக்கத்தைத் தனி கமிட்டாக வையுங்கள். வேறு திருத்தம் எதையும் அதில் கலக்காதீர்கள். காரணத்தை கமிட் செய்தியில் எழுதுங்கள். பின்னால் யாருக்காவது தேவைப்பட்டால் கிட் ரிவர்ட் கொண்டு அந்த ஒரு கமிட்டை மட்டும் திருப்பிவிடலாம்.