சிப்பிப்பாறைக் குட்டியைப் பயிற்சிக்கு அனுப்புவது எப்படி? முதல்முறை அனுப்புவோருக்கான செய்முறை

போன ஆடியில் எங்கள் சிப்பிப்பாறை இன நாய்க்குட்டி சிட்டு, கிளுவை வேலியில் ஒரு சந்து கண்டுபிடித்து, கொறங்காடு என்று நாங்கள் சொல்லும் மேய்ச்சல் நிலத்துக்குள் பாய்ந்துவிட்டது. கொழுக்கட்டைப் புல்லுக்குள்ளிருந்து ஒரு முயல் எழும்பியிருந்தது. சிட்டு மேற்கே ஓடுகிறது, பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் மேற்கேயிருந்துதான் அடிக்கிறது. நான் கூப்பிட்ட குரல் பத்தடி கூடப் போயிருக்காது. பக்கத்துத் தோட்டத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய கிணறு ஒன்று இருக்கிறது. அதன் விளிம்புக்கு நாலைந்து முழம் முன்னால் முயல் சட்டென்று திரும்பியது, சிட்டுவும் திரும்பியது. முயல் நேராகப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க இப்போதும் மனம் வரவில்லை.

அன்று இரவே பயிற்சிக்கு அனுப்புவதென்று முடிவெடுத்தோம். அப்போது அதற்கு ஏழு மாதம். சிட்டுவுக்கு முன்னால் கருப்பன் என்ற கன்னி இன நாயை ஓரிடத்துக்கு அனுப்பியிருந்தேன். திரும்பி வந்தபோது கழுத்தைச் சுற்றி முடி கொட்டித் தழும்பாகியிருந்தது. தலையைத் தடவக் கையைத் தூக்கினாலே தரையோடு படுத்துக்கொள்ளும். அந்தப் பயம் கடைசிவரை போகவில்லை. எதைக் கேட்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாமல் கொண்டுபோய் விட்டேன், அனுபவித்தது அது. இன்னொரு வீட்டில் அப்படி நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் ஒவ்வொரு படியாக எழுதுகிறேன்.

முதல் படி: எதற்கு அனுப்புகிறோம் என்று முடிவு செய்வது

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம், கோம்பை என்று நம் தோட்டங்களில் வளரும் நாட்டு நாய்களை வேட்டை நாய்கள் என்றுதான் சொல்கிறோம். அதற்காக வேட்டைக்குப் பழக்க அனுப்பக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்குச் சொல்லும் பொருளில், கொல்வதும் பிடிப்பதும் மட்டுமல்ல, நாயை விட்டு விரட்டுவதும் அடங்கும். முயற்சி செய்தாலே குற்றம். நம் பக்கம் வயல் வயலாகத் திரியும் மயிலுக்கு அந்தச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்பு. "முயலுக்கு விட்டுப் பழக்கித் தர்றேனுங்க" என்று யாராவது சொன்னால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் என்னதான் கேட்க வேண்டும்? என் பட்டியலில் நான்குதான் இருந்தன. கூப்பிட்டால் எந்த ஓட்டத்திலிருந்தும் திரும்பி வர வேண்டும். ஆட்டைக் கண்டால் விரட்டக் கூடாது. கயிற்றில் இழுக்காமல் நடக்க வேண்டும். சொன்ன இடத்தில் நிற்க வேண்டும். கை கொடுப்பது, உருளுவது எல்லாம் பிறகு வீட்டிலேயே கற்றுக்கொடுக்கலாம்.

இவற்றில் ஒன்றை மட்டும் உருப்படியாகக் கற்றுத்தர முடியும் என்று பயிற்சியாளர் சொன்னால் முதலாவதைக் கேளுங்கள். காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் வட்டாரத்தில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்று, விவசாயிகள் போராட்டம் வரைக்கும் போனது எல்லோருக்கும் தெரியும். ஆடு பறிகொடுத்தவர் பட்டியோரம் ஓடும் நாய் யாருடையது என்று இருட்டில் நின்று பார்க்க மாட்டார், அதை எதிர்பார்க்கவும் முடியாது. கூப்பிட்டதும் திரும்புகிற நாய்தான் உயிரோடு இருக்கும்.

இரண்டாம் படி: வயதும் ஊசியும்

இரண்டு மாதக் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். முதல் மூன்று நான்கு மாதம் அது உங்கள் வீட்டு ஆட்களையும், மாடு, ஆடு, டிராக்டர் சத்தத்தையும் பழக வேண்டிய காலம். அதை வேறு யாரும் உங்களுக்காகச் செய்து தர முடியாது. ஆறிலிருந்து பத்து மாதம் அனுப்புவதற்குத் தோதான வயது என்பது என் எண்ணம். ஆனால் எலும்பு முற்றிலும் முதிர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். சுவர் தாண்டுவது, உயரத்திலிருந்து குதிப்பது போன்றவை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஊசிகள் முக்கியம். பல நாய்கள் ஒன்றாக இருக்கும் இடத்தில் பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தால் காட்டுத்தீ மாதிரி பரவும். பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் எல்லாம் சேர்ந்த கூட்டுத் தடுப்பூசியும் வெறிநாய்த் தடுப்பூசியும் முடிந்திருக்க வேண்டும். கடைசி ஊசி போட்டு இரண்டு வாரமாவது கழித்து அனுப்புங்கள். நாய் இருமலுக்கும் தடுப்பூசி உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள். உண்ணிக்கு மருந்து போடாமல் அனுப்பவே கூடாது. உண்ணிக் காய்ச்சல் இந்த ஒல்லி நாய்களைச் சீக்கிரம் சாய்த்துவிடும். பெண் நாய் என்றால் பருவத்துக்கு வரும் சமயம் பார்த்து, அந்த மூன்று வாரம் கழிந்ததும் அனுப்புங்கள்.

மூன்றாம் படி: இடம் பார்ப்பது

இந்தப் படிக்கு ஒரு மாதம் ஆனாலும் பரவாயில்லை, அவசரப்படாதீர்கள். நான் அவினாசியிலிருந்து பொள்ளாச்சி வரைக்கும் ஐந்து இடங்கள் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் நேரில் போனேன். போனில் எல்லோரும் நன்றாகத்தான் பேசுவார்கள்.

போனதும் முதலில் அங்கே இருக்கும் நாய்களைப் பாருங்கள். பயிற்சியாளர் பக்கத்தில் வரும்போது வால் எப்படி இருக்கிறது? ஆட்டிக்கொண்டு முன்னே வருகின்றனவா, காலிடுக்கில் வாலைச் செருகிக்கொண்டு மூலைக்குப் போகின்றனவா? கருப்பனை விட்ட இடத்தில் நாய்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தன. நல்ல ஒழுக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அது பயம் என்று பிறகுதான் புரிந்தது.

அப்புறம் ஒரு நாயை உங்கள் கண் முன்னால் பழக்கிக் காட்டச் சொல்லுங்கள். தீனி கொடுத்து, சரியாகச் செய்ததைப் பாராட்டிப் பழக்குபவரைத் தேடுங்கள். கழுத்தில் குத்தும் முள் பட்டையும் மின் அதிர்ச்சி தரும் ஷாக் பட்டையும் சுவரில் தொங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். விலங்கை அடித்துத் துன்புறுத்துவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அதோடு இந்த இனத்துக்கு அது ஒத்துவரவும் வராது. லாப்ரடாரை ஒரு அதட்டு அதட்டினால் அடுத்த நிமிடம் மறந்துவிடும். சிப்பிப்பாறை லேசில் மறக்காது. ஒருமுறை மிரண்டால் அந்த ஆளிடம் மறுபடி மனசு விட்டு வராது.

"நாட்டு நாய்க்குப் புத்தி ஏறாதுங்க" என்று ஒரு பயிற்சியாளர் சொன்னார். அவருக்கு வணக்கம் சொல்லி வந்துவிட்டேன். இந்த நாய்கள் பார்வையால் வேட்டையாடப் பிறந்தவை. தூரத்தில் ஒன்று அசைந்தால் கண் அங்கே போய்விடும், காது அடைத்துவிடும். ஒரே பாடத்தை அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தால் சலித்துப் போகும். ஐந்து பத்து நிமிடமாக நாளுக்கு நாலைந்து தடவை என்றால் அழகாகக் கற்கும். ஆகவே, இதற்கு முன் சிப்பிப்பாறையோ கன்னியோ பழக்கியிருக்கிறாரா என்று கட்டாயம் கேளுங்கள்.

தங்கும் இடத்தையும் பாருங்கள். வெறும் சிமெண்டுத் தரையில் படுத்தால் இவற்றின் முழங்கையில் புண் வரும், கொழுப்பே இல்லாத உடம்பு. சாக்காவது விரித்திருக்க வேண்டும். மலையடிவாரத்தில் தடாகம், சத்தியமங்கலம் பக்கம் உள்ள இடமென்றால் இரவில் மேலேயும் கம்பி போட்டு அடைக்கிறார்களா என்று பாருங்கள். கட்டிப் போட்ட நாயைத்தான் சிறுத்தை முதலில் தூக்கும்.

கடைசியில் நான் தேர்ந்தெடுத்தவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது: "வீட்டுல எத்தன பேருங்க? யார் யாரு சோறு வெக்கிறீங்க?" மற்ற நால்வரும் நாயைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் கேட்டார்கள். இவர் மட்டும்தான் எங்களைப் பற்றிக் கேட்டார்.

நான்காம் படி: முன்கூட்டியே பேச வேண்டியவை

எத்தனை நாள், மொத்தம் எவ்வளவு, தீனியும் மருத்துவச் செலவும் அதில் சேர்ந்ததா, நடுவில் உடம்பு சரியில்லாமல் போனால் எந்த மருத்துவர், இவை எல்லாம் தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். சிட்டுவுக்கு இரண்டு மாதம் பேசினோம். பதினைந்து நாளில் எல்லாம் கற்றுத்தருகிறேன் என்பவரை நம்ப வேண்டாம். அறுவை சிகிச்சை ஏதும் தேவைப்பட்டால் உங்களைக் கேட்காமல் செய்யக் கூடாது என்றும் எழுதுங்கள். கிரேஹவுண்ட் போன்ற ஒல்லி வகை நாய்களுக்குச் சில மயக்க மருந்துகள் தெளிய நெடுநேரம் பிடிக்கும், மருத்துவர் அதைத் தெரிந்துதான் கொடுக்க வேண்டும்.

சொற்களைப் பேசிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சிட், ஸ்டே, கம் என்றுதான் பழக்குவார்கள். எங்கள் அய்யனுக்கு வயது எழுபத்து நான்கு, நாயோடு அதிக நேரம் இருப்பவரும் அவர்தான். அவர் வாயில் வருவது "உக்காரு", "வா". ஆகவே தமிழிலேயே பழக்கித் தரச் சொன்னோம். "உக்காரு", "இரு" இரண்டும் ஒரே மாதிரி முடிவதால் நாய் குழம்பும் என்று பயிற்சியாளர் சொன்னார். "இரு"வுக்குப் பதில் "நில்லு" வைத்துக்கொண்டோம். கூப்பிடுவதற்கு "வா" என்ற சொல்லோடு விசிலும் சேர்த்துப் பழக்கச் சொல்லுங்கள், இரண்டு குட்டை ஊதல். ஆனி ஆடிக் காற்றில் மனிதக் குரலை விட விசில் தூரம் போகும்.

கழுத்துப் பட்டையை நீங்களே வாங்கிக் கொடுங்கள். இவற்றின் தலை குறுகல், சாதாரணப் பட்டை பின்னால் இழுத்தால் கழன்றுவிடும். இழுக்கும்போது மட்டும் அளவாக இறுகும் மார்ட்டிங்கேல் பட்டை, அகலமானது, வேண்டும். நெஞ்சுப் பட்டை ஒன்றும் தேவைப்படும்.

தீனி? வீட்டில் என்ன கொடுக்கிறீர்களோ அதை எழுதிக் கொடுங்கள். சிட்டுவுக்குக் கம்பஞ்சோறும் கோழிக்கறியும் மோரும். அங்கே வேறு தீனி என்றால் ஒரு வாரத்தில் சிறிது சிறிதாக மாற்றச் சொல்லுங்கள். கடைசி இரண்டு மூன்று விலா எலும்பு தெரிவதுதான் இதன் சரியான உடம்பு, கொழுக்க வைக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: கொண்டுபோய் விடுவது

காலையில் தீனி வேண்டாம், வண்டியில் வாந்தி எடுக்கும். அது படுத்துப் பழகிய சாக்கைத் துவைக்காமல் கூடக் கொண்டுபோங்கள், வீட்டு வாசனை இருக்கட்டும். விட்டதும் கிளம்பிவிடுங்கள். கட்டிப்பிடித்து அழுதால் அதற்கும் கலக்கம் வரும். என் மகள் வண்டியில் ஏறிய பிறகுதான் அழுதாள்.

ஆறாம் படி: நடுவில் போய்ப் பார்ப்பது

முதல் பத்து நாள் போகாமல் இருந்தோம், புது இடம் பிடிபடட்டும் என்று. வாரம் இரண்டு வீடியோ அனுப்பச் சொல்லியிருந்தோம். அதன் பிறகு ஞாயிறுதோறும் போனோம். வேடிக்கை பார்க்கப் போகக் கூடாது. கயிற்றை வாங்கி நீங்கள் பிடியுங்கள், நீங்கள் கூப்பிடுங்கள். பயிற்சியாளரிடம் பறந்து வருகிற சிட்டு, முதல் ஞாயிறு நான் கூப்பிட்டபோது வேறு பக்கம் பார்த்தது. நான் அதட்டும் குரலில் கூப்பிட்டிருக்கிறேன். குரலை மாற்றிக்கொள்ள எனக்கு மூன்று வாரம் ஆனது. தீனி கொடுக்கும் நேரம், கயிற்றைத் தளர்வாகப் பிடிக்கும் விதம் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டேன். சொன்ன தேதிக்குப் பிறகும் வரவே கூடாது என்று தடுத்தால் அன்றே போய் நாயைக் கூட்டி வந்துவிடுங்கள்.

உடம்பையும் தொட்டுப் பாருங்கள். கழுத்து, அக்குள், காதுக்குள், விரலிடுக்கு. உண்ணி இருக்கும் இடங்கள் அவைதாம். பட்டைத் தழும்பும் கழுத்தில்தான் தெரியும்.

ஏழாம் படி: வீட்டுக்கு வந்த பிறகு

பாதி வேலை இங்கேதான் இருக்கிறது. பயிற்சி மைதானத்தில் கற்றதைக் கொறங்காட்டில் அப்படியே செய்யும் என்று நினைத்து, வந்த அன்றே அவிழ்த்து விடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நாய்க்கு இடம் மாறினால் பாடமும் பாதி மறக்கும். மறுபடி ஆரம்பத்திலிருந்து, ஆனால் சீக்கிரமாக, சொல்லிக்கொடுக்க வேண்டும்.

நாங்கள் செய்தது இது. சொற்களைத் தாளில் எழுதிச் சமையல்கட்டுச் சுவரில் ஒட்டினோம். வா, உக்காரு, நில்லு, விடு. நான்கே நான்கு. பால்காரர் முதற்கொண்டு எல்லோருக்கும் அதே சொல். வேலியில் இருந்த இடைவெளியை முள் வைத்து அடைத்தோம். முதல் வாரம் சாளை, அதாவது தோட்டத்து வீட்டு, வாசலில் மட்டும். இரண்டாவது வாரம் கட்டுத்தரையில், மாடுகளுக்கு நடுவே. மூன்றாவது வாரம்தான் கொறங்காடு, அதுவும் 15 மீட்டர் கயிற்றோடு. நீளக் கயிற்றை நெஞ்சுப் பட்டையில்தான் கட்ட வேண்டும். கழுத்தில் கட்டி, முழு வேகத்தில் ஓடிக் கயிறு முடியும் இடத்தில் வெட்டி இழுத்தால் கழுத்தெலும்பு தாங்காது.

ஆட்டுப் பட்டியை முதலில் ஐம்பதடி தள்ளி நின்று காட்டுங்கள். ஆட்டைப் பார்த்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும் அந்த நொடியில் "விடு" என்று சொல்லி, வேகவைத்த ஈரல் துண்டு ஒன்று. மறுநாள் நாற்பதடி. எங்களுக்குப் பட்டிக் கதவு வரை வர ஐந்து வாரம் ஆனது.

ஒன்றை மட்டும் யாரும் மீறக் கூடாது. "வா" என்று கூப்பிட்டு வந்த நாயைத் திட்டாதீர்கள், குளிப்பாட்டாதீர்கள், சங்கிலியில் கட்டாதீர்கள். அரை மணி நேரம் கழித்து வந்தாலும் திட்டக் கூடாது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் நல்லது மட்டுமே நடக்க வேண்டும். கட்ட வேண்டுமென்றால் நீங்கள் நடந்து போய்ப் பிடித்து வாருங்கள்.

கயிற்றை எப்போது கழற்றலாம்? கயிறு தரையில் புரள விட்டு, மயில் பறக்கும்போதும் ஆடு ஓடும்போதும் கூப்பிட்டுப் பாருங்கள். பத்துக்குப் பத்து முறை திரும்பினால், நாள் விட்டு நாள் மூன்று வாரம் அப்படித் திரும்பினால், கிணறும் சாலையும் இல்லாத, வேலி நன்றாக இருக்கும் காட்டில் அவிழ்த்து விடலாம். ஒன்பது முறைதான் வந்ததென்றால் கயிறு இன்னும் ஒரு மாதம் இருக்கட்டும். சிட்டுவுக்குக் கயிறு கழன்றது தை மாதம். இப்போதும் மேற்குக் காட்டுப் பக்கம் போனால், கிணறு இருப்பதால், அய்யன் கயிற்றைக் கட்டித்தான் கூட்டிப் போகிறார்.