இலை நுனி கருகினால் உரத்தை நிறுத்துங்கள்

தொட்டிச் செடியில் இலையின் நுனியும் ஓரமும் மட்டும் கருகினால், உரத்தை நிறுத்திவிட்டு, அடித்துளை வழியாக நன்றாக வடியும்வரை நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். தொட்டிக் கொள்ளளவைப் போல 2, 3 மடங்கு தேவைப்படும். மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், மண்ணில் உப்பு சேர்ந்ததுதான் காரணம், சந்தேகமே வேண்டாம்.

உப்பு ஏறிய மண்ணில் ஈரம் இருந்தும் வேரால் நீரை எளிதில் இழுக்க முடியாது. அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கூடி இலைத்துளைகளை மூட வைக்கும், வளர்ச்சி மந்தமாகும். நீரோடு ஏறும் சோடியமும் குளோரைடும் நீர் ஆவியாகும் இலையில் தங்கிவிடும், நுனியிலும் ஓரத்திலும் அதிகமாக. கருகிய இடம் மறுபடி பச்சையாகாது, புதுத் தளிரைத்தான் பார்க்க வேண்டும்.

ஊற்றும் தண்ணீரே உப்பு என்றாலோ, தொட்டியில் துளை இல்லாவிட்டாலோ பலனில்லை. மண்ணில் அழுகல் வாடை அடித்தால் இப்படித் தண்ணீர் ஊற்றும் பக்கமே போகாதீர்கள்.