மதுரை–சென்னை விமான நேரத்தை நீங்களே கணக்குப் போடலாம்

சாலையில் 460 கிலோமீட்டர் வருகிறதே என்று அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், விமானம் மேலூர், திருச்சி என்று வளைந்தா போகப்போகிறது? மதுரை விமான நிலையம் அட்சரேகை 9.83, தீர்க்கரேகை 78.09, சென்னை 12.99, 80.17. அட்சரேகை வித்தியாசத்தை 111ஆலும் தீர்க்கரேகை வித்தியாசத்தை 109ஆலும் பெருக்கி, இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 418 கிலோமீட்டர். நம்ம பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ்தான்.

அப்புறம் வேகம். அந்தத் தூரத்தை ஜெட் என்றால் மணிக்கு 800 கிலோமீட்டர், விசிறி வைத்த சின்ன விமானமான ஏடிஆர் என்றால் 500 என்று வகுத்து, ஓடுபாதையில் ஊர்வதற்கும் ஏறி இறங்குவதற்கும் அரைமணி சேருங்கள். ஜெட்டுக்கு ஒரு மணி நேரம், ஏடிஆருக்கு ஒன்றேகால் மணிக்குக் கொஞ்சம் கூட. டிக்கெட்டில் இன்னும் பத்து இருபது நிமிடம் கூடுதலாகவே போட்டிருப்பார்கள். மதுரை பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து அவனியாபுரம் வழியாக விமான நிலையத்துக்குப் போக அரைமணிக்கு மேல் ஆகும், அதை மறந்துவிடாதீர்கள்.