யாழின் தடத்தில் இரண்டு நாள்: கடலூர் மாவட்டமும் காரைக்காலும்

லண்டனிலும் டொரொண்டோவிலும் பிள்ளைகளை வீணை, மிருதங்க வகுப்புகளுக்கு வாராவாரம் கூட்டிப்போகும் பெற்றோர், ஊருக்கு வரும்போது இசைக்கருவிகளைப் பார்க்க எங்கே போகலாம் என்று கேட்பதுண்டு. கடலூர் மாவட்டத்துக்கு வாருங்கள் என்பேன். இங்கே எல்லாவற்றையும் ஒரே கட்டடத்தில் அடுக்கி வைக்கவில்லை. கோயிலிலும் கோபுரத்திலும் பலாமரத்திலும்தான் தேடிப் பார்க்க வேண்டும். கார் எடுத்தால் இரண்டு நாள் போதும்.

முதலில் இராஜேந்திரப்பட்டினம். விருத்தாசலத்துக்குத் தெற்கே ஜெயங்கொண்டம் சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். தேவாரத்தில் திருஎருக்கத்தம்புலியூர். சம்பந்தரோடு ஊர் ஊராகப் போய் அவர் பதிகங்களை யாழில் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த ஊர் இது. அவர் மனைவி மதங்கசூளாமணியாரும் கூடவே பாடிப் போனார். தலமரம் வெள்ளெருக்கு. வழிகாட்டிப் புத்தகங்கள் இந்த ஊரைக் கண்டுகொள்வதே இல்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. மதியம் நடை சாத்தியிருக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.

யாழ் எங்கே என்று பிள்ளைகள் கேட்பார்கள். இன்று அது வழக்கில் இல்லை. எந்தப் பெரிய சிவன் கோயிலிலும் அறுபத்துமூவர் வரிசையில் யாழோடு நிற்பவரைத் தேடச் சொல்லுங்கள். அவர்தான் இந்த ஊர்க்காரர்.

அடுத்து சிதம்பரம். தில்லையில் பூட்டிய அறையில் கிடந்த தேவார ஏடுகளை இராஜராஜ சோழனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்டார்கள் என்பது மரபு. சொற்கள் கிடைத்தன, பாட வேண்டிய பண் (ராகம்) தெரியவில்லை. அதை வகுத்துத் தந்தவர் எருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாணர் வழியில் வந்த ஒரு பெண். அந்த ஊரைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால்தான் இந்தக் கதை நெஞ்சில் உட்காரும்.

கிழக்குக் கோபுர வாசலில் அவசரப்படாமல் நில்லுங்கள். உள்சுவரில் கரணம் எனும் நடன நிலைகளின் 108 சிற்பங்கள் மேலும் கீழுமாக அடுக்கடுக்காக ஏறுகின்றன. ஆடுபவளையே பார்த்துக்கொண்டிருக்காமல் அவள் முழங்கால் உயரத்தில் நிற்கும் சின்ன உருவங்களையும் கவனியுங்கள். மேளம் கொட்டுபவர்களும் தாளம் போடுபவர்களும் அங்கே இருக்கிறார்கள். சிவகாமியம்மன் சன்னதிச் சுற்றிலும் ஆடுவோரும் மத்தளக்காரர்களும் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். சிற்பங்களைப் பார்க்கக் காலை வெளிச்சம் நல்லது. நாகஸ்வரமும் தவிலும் கேட்க மாலை பூசைக்கு வாருங்கள். நடராசர் முன்னுள்ள கனகசபை மேடையில் ஏறும் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள்.

ஈழத்திலிருந்து போனவர்கள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தையும் ஒரு சுற்று சுற்றிவிட்டு வரலாம். இலங்கைக் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் 1931இல் இங்கே தமிழ்ப் பேராசிரியராக வந்தவர். சிலப்பதிகாரத்தில் சொன்ன கணக்கை வைத்துப் பழைய யாழ்களின் அமைப்பைத் தேடி அவர் எழுதிய ‘யாழ் நூல்’ 1947இல் திருக்கொள்ளம்பூதூர் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார்.

கருவி வாங்கும் எண்ணம் இருந்தால் பண்ருட்டிப் பக்கம் போங்கள். பலாப்பழத்துக்குப் பேர்போன ஊர், மிருதங்கத்துக்கும் வீணைக்கும் பலாமரம் இங்கிருந்து போகிறது. வாங்குமுன் பிள்ளையின் ஆசிரியரிடம் சுருதியைக் கேட்டு எழுதி வையுங்கள். ஆண் குரலுக்கான தக்குச் சுருதி (தாழ்ந்த சுருதி) மிருதங்கத்தில் கட்டை நீளம், எச்சுச் சுருதிக்கு (உயர்ந்த சுருதி) குட்டை. பார்க்க அழகாக இருக்கிறது என்று மாற்றி வாங்கினால் வகுப்பில் பயன்படாது. அப்புறம் விமான நிலையம்: ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் தோலையும் மரத்தையும் படிவத்தில் எழுதிக் காட்டியே ஆகவேண்டும். மரத்தில் பூச்சித்துளை இருக்கிறதா, தோலில் முடி ஒட்டியிருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். யானைத்தந்த வேலைப்பாடு உள்ள பழைய வீணை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், அதை நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது.

இரண்டாம் நாள் சீர்காழி, தரங்கம்பாடி வழியாகக் காரைக்கால். புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த ஊர் என்றாலும் சிதம்பரத்திலிருந்துதான் பக்கம். நகரை ஒட்டியே திருதருமபுரம். யாழ்ப்பாணரின் தாய் பிறந்த ஊர். யாழில் வாசிப்பதால்தான் சம்பந்தர் பாட்டுக்குப் பெருமை என்று உறவினர்கள் பேச, யாழ்ப்பாணருக்குப் பொறுக்கவில்லை. யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடும்படி சம்பந்தரையே வேண்டினார். ‘மாதர் மடப்பிடியும்’ பிறந்தது. நரம்பு அந்த இசைக்கு ஈடுகொடுக்கவில்லை. யாழை உடைக்க ஓங்கியவரைச் சம்பந்தர் தடுத்தார். இங்கே இறைவன் பெயரே யாழ்மூரிநாதர். இன்று ஓதுவார்கள் இதை அடாணா ராகத்தில் பாடுகிறார்கள். காரிலேயே ஒருமுறை பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டிவிட்டு உள்ளே போங்கள். ஓட்டுநரிடம் தருமபுரம் என்று மட்டும் சொன்னால் மயிலாடுதுறையில் ஆதீன மடம் இருக்கும் தருமபுரத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவார். காரைக்கால் தருமபுரம், யாழ்மூரிநாதர் கோயில் என்று சேர்த்தே சொல்லுங்கள்.