கைதான நேரத்தை எழுதி வையுங்கள்: கொழும்பில் வீட்டில் ஒருவரைப் பிடித்துச் சென்றால்

இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் ஒருவரைப் பிடித்த நிமிடத்திலிருந்து சில கெடுக்கள் ஓடத் தொடங்கும். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு 48 மணித்தியாலத்துக்குள் அறிவிக்க வேண்டும். 72 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும், அல்லது தடுப்புக்காவல் உத்தரவு பெற வேண்டும். சாதாரணச் சட்டத்தில் பிடித்திருந்தால் நீதவான் முன் நிறுத்த 24 மணித்தியாலம்தான். பொலிஸ் புத்தகத்தில் கைதான நேரம் பிந்திப் பதிவானால் இந்தக் கணக்கு முழுதும் பிழைத்துவிடும். காலை ஆறு மணிக்கு வெள்ளவத்தை அறையிலிருந்து கொண்டுபோனவரை மாலையில் கொட்டாஞ்சேனைச் சந்தியில் பிடித்ததாக எழுதினால், அதை மறுக்க வீட்டாரிடம் தாள் இருக்க வேண்டும். வீட்டார் முதலில் காப்பாற்ற வேண்டியது அந்த நேரத்தைத்தான்.

வாசலில் நிற்கும்போதே கேளுங்கள்: "சேர், உங்கட பேர் என்ன, என்ன தரம், எந்த ஸ்டேஷன், எங்க கொண்டு போறீங்கள்?" குரலை உயர்த்த வேண்டாம், வழியை மறிக்கவும் வேண்டாம். பதில் வராவிட்டால் கண்ணால் பார்த்ததை மனதில் வையுங்கள்: வாகன இலக்கம், நிறம், எத்தனை பேர், சீருடையா சாதாரண உடையா. இலக்கத்தகடு இல்லாவிட்டால் அதுவும் ஒரு தகவல். கைதுக்கு எழுத்தில் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். தர மறுத்தால் "கேட்டோம், தரவில்லை" என்று நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். எந்தச் சட்டத்தில் பிடிக்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். பிறகு எந்தக் கெடுவை எண்ணுவது என்பது அதில்தான் இருக்கிறது.

வாகனம் திரும்பியதும், அழுவதற்கு முன், ஒரு கொப்பியில் எழுதுங்கள். திகதி, மணி, நிமிடம், இடம், கூட நின்றவர்களின் பெயர். அதையே ஒரு உறவினருக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் நேரம் தானாகப் பதிவாகும். அடுத்து உங்கள் சொந்தக் கைபேசியிலிருந்து மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். வேறொருவரின் கைபேசியில் பேசினால் அழைப்புப் பதிவு உங்களிடம் இருக்காது. முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். ஆணைக்குழுவுக்கு அறிவிப்பது பிடித்தவரின் கடமை, 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 28ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. ஆனாலும் அவர்கள் அறிவிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஆணைக்குழு பொலிஸ் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டாலே, ஆளை மறைப்பது கடினமாகிவிடும். செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவுக்கும் சொல்லி வையுங்கள்.

பிறகு முறைப்பாடு பதிய அருகிலுள்ள பொலிஸ் நிலையம். தனியாகப் போகாதீர்கள், சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவர் கூட வரட்டும். கொண்டு போக வேண்டியவை: பிடிபட்டவரின் தேசிய அடையாள அட்டைப் பிரதி, பிறப்புச் சான்றிதழ், கிராம சேவகர் கடிதம், பொலிஸ் பதிவுத் துண்டு இருந்தால் அதன் பிரதி, வேலையிடக் கடிதம். ஒவ்வொன்றிலும் நான்கு பிரதி. மூலப்பிரதியை யாரிடமும் கொடுக்க வேண்டாம்.

இங்கே அடிக்கடி நடக்கும் சிக்கல் ஒன்று. "அப்படி ஒருவர் இங்கே இல்லை" என்பார்கள். பல தடவை அது பொய்யாக இருக்கும், சில தடவை பெயர்ப் பிழையாக இருக்கும். தமிழ்ப் பெயரைச் சிங்களத்தில் காதால் கேட்டு எழுதும்போது தகப்பன் பெயர் முன்னே வரும், எழுத்து மாறும், முதலெழுத்து விடுபடும். பெயரைச் சொல்லித் தேடாதீர்கள், அடையாள அட்டை இலக்கத்தைச் சொல்லித் தேடச் சொல்லுங்கள். இலக்கம் எந்த மொழியிலும் மாறாது. நிலையத்தில் இல்லை என்றால் குற்றப்புலனாய்வுத் திணைக்களம் விசாரணை நடத்தும் நாலாம் மாடியிலும் பயங்கரவாதத் தடுப்புப் பிரிவிலும் இதே இலக்கத்தோடு கேளுங்கள். முறைப்பாட்டை ஏற்க மறுத்தால் அதையே கடிதமாக எழுதிப் பொறுப்பதிகாரிக்கும் மேலுள்ள அத்தியட்சகருக்கும் அன்றே பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபால் பற்றுச்சீட்டின் மை மங்கும். உடனே போட்டோக் கொப்பி எடுத்து வையுங்கள்.

கையொப்பம் பற்றி மிகக் கவனம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அல்லது அதற்கு மேற்பட்ட தரத்தில் உள்ளவரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியாக ஏற்கிறது. 1993இல் பிடிபட்ட சிங்கராசாவின் வழக்கில், சிங்களத்தில் தட்டச்சுச் செய்த வாக்குமூலத்தில் வைத்த பெருவிரல் அடையாளமே தண்டனைக்கு அடிப்படையானது. 50 ஆண்டுச் சிறை, மேன்முறையீட்டில் 35 ஆனது. அவருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. ஆகவே வீட்டில் உள்ள எல்லோரும், வயதானவர்கள் முக்கியமாக, ஒரு சிங்கள வசனத்தைப் பாடமாக்க வேண்டும்: "மட்ட சிங்கள கியவன்ன பே", எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. தமிழில் எழுதச் சொல்லிக் கேட்பது சலுகை அல்ல. அரசியலமைப்பின்படி மேல் மாகாணத்திலும் அரச அலுவலரோடு தமிழில் கருமமாற்றலாம். வேறு வழியில்லாமல் ஒப்பமிட நேர்ந்தால், ஒப்பத்துக்குக் கீழே உங்கள் கையாலேயே தமிழில் எழுதுங்கள்: "இது எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்படவில்லை." திகதியும் நேரமும் போடுங்கள்.

முதல் நாளே சட்டத்தரணியைப் பிடியுங்கள். காசு இல்லாவிட்டால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. ஆள் எங்கே என்றே தெரியாவிட்டால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. இடம் தெரியும், ஆனால் கைது நியாயமற்றது என்றால் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு. இதற்கு ஒரு மாதக் கெடு. மனித உரிமைகள் ஆணைக்குழுவில் அந்த மாதத்துக்குள் முறையிட்டு, விசாரணை நடந்துகொண்டிருந்தால் அந்தக் காலம் கணக்கில் சேராது. ஆனால் இதை நம்பி இருப்பவர்கள்தான் பெரும்பாலும் கெடுவைத் தவறவிடுகிறார்கள். விசாரணை நடக்கிறது என்று ஆணைக்குழுவின் கடிதம் கையில் இருக்க வேண்டும், முறைப்பாட்டுத் துண்டு மட்டும் போதாது. வேகமாகப் போனால் பலன் உண்டு. 2007 ஜூன் 7 அன்று கொழும்பு லொட்ஜுகளிலிருந்து தமிழரை பஸ்களில் ஏற்றி வெளியேற்றியபோது, மனுப் போட்டதில், வெளியேற்றிய அடுத்த நாளே உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடை உத்தரவு பெறப்பட்டது.

தடுப்புக்காவல் உத்தரவு ஒரு தடவைக்கு மூன்று மாதம். மொத்தம் 18 மாதம்வரை நீட்டலாம் என்றிருந்தது, 2022 திருத்தத்தில் 12 ஆனது. அந்தத் திருத்தத்தின்படி நீதவான் தடுப்பிடத்துக்கு மாதம் ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டும். உடலில் காயம் இருந்தால் சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டும்படி சட்டத்தரணி மூலம் நீதவானிடம் கேளுங்கள். காயம் ஆறிய பிறகு கேட்டால் அறிக்கையில் ஒன்றும் இராது. மருந்து கொடுப்பதானால் வைத்தியரின் துண்டோடு கொடுங்கள், இல்லையேல் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள்.

"இவ்வளவு தந்தால் வெளியே எடுத்துத் தருவேன்" என்று அழைப்பு வரும். அந்த இலக்கத்தை, நேரத்தை, கேட்ட தொகையை எழுதிச் சட்டத்தரணியிடம் கொடுங்கள், ஒரு சதமும் அனுப்பாதீர்கள்.

விடுதலையாகி வந்தால் விடுவித்த கடிதத்தை வாங்காமல் வாசலைத் தாண்ட வேண்டாம். மறுபடி எங்காவது சோதனையில் நிறுத்தினால் அது தேவைப்படும். அன்றே அரச வைத்தியசாலைக்குப் போய் நடந்ததை வைத்தியரிடம் முழுதாகச் சொல்லிப் பதியுங்கள். அந்தக் கொப்பியின் கடைசி வரியில், பிடித்த நேரத்தை எழுதிய அதே விதமாக, விட்ட நேரத்தையும் எழுதிவிடுங்கள்.