டாலஸ்ல ஆடி மாச வெயில், பாஸ் மீன் கடிக்கல: அப்ப எதுக்குத் தூண்டில் போடறது?

போன வருஷம் ஜூலை கடைசி வாரம், லூயிஸ்வில் ஏரிக்கரை, காலைல ஏழரைக்கே சட்டை முதுகோட ஒட்டிக்கிச்சு. அஞ்சரைலருந்து வீசிட்டு இருக்கேன், பிளாஸ்டிக் புழு, தவளை, கிராங்க்பெய்ட்னு பெட்டில இருந்த போலி இரை எல்லாத்தையும் தண்ணிக்குக் காட்டியாச்சு, ஒரு பாஸ் (பெரிய வாய் மீன், லார்ஜ்மவுத் பாஸ்) கூட மோந்து பாக்கல. பக்கத்துல மடக்கு நாற்காலி போட்டு ஒக்காந்திருந்த உள்ளூர் தாத்தா ஒருத்தர் மட்டும் சத்தமே இல்லாம வாளி நெறைய மீன் சேத்துட்டாரு. கிட்ட போய் பாத்தா எல்லாம் சேண்ட் பாஸ், பேர்ல பாஸ்னு இருந்தாலும் இது வேற மீன். அன்னிலருந்து நான் ஆடி மாசத்துல பாஸ் பின்னாடி ஓடறத விட்டுட்டேன், அதுக்குப் பதிலா என்னென்ன புடிக்கலாம், எப்படிப் புடிக்கிறதுன்னு இங்க சொல்றேன்.

மொதல்ல பாஸ் ஏன் கடிக்கலன்னு தெரிஞ்சுக்கணும், ஏன்னா மத்த மீன் எங்க இருக்கும்கிறதும் அதுலயே இருக்கு. தண்ணி சூடாக சூடாக அதுல கரைஞ்சிருக்கிற ஆக்சிஜன் கொறையும். ஆகஸ்ட்ல இங்க ஏரி மேல்தண்ணி 85, 90 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குப் போயிரும். சரி, அடில குளுகுளுன்னு இருக்குமே, மீன் அங்க போயிருக்கும்னு நெனச்சா அதுவும் இல்ல, ஆழமான ஏரிங்கள்ல கோடைல தண்ணி ரெண்டு அடுக்கா பிரிஞ்சு நிக்கும், அந்தக் கோட்டுக்குப் பேரு தெர்மோக்ளைன், அதுக்குக் கீழ குளிர்ச்சி இருக்கும் ஆனா மூச்சு விட ஆக்சிஜன் இருக்காது. ஃபிஷ் ஃபைண்டர், அதாவது தண்ணிக்குள்ள மீனக் காட்டற கருவி, வச்சிருந்தீங்கன்னா ஸ்க்ரீன்ல மங்கலா புகை மாதிரி ஒரு கோடு குறுக்க ஓடும், அதுதான். மேல கொதிக்குது, கீழ மூச்சு முட்டுது, நடுவுல மாட்டின பாஸ் விடியக்காலைல கொஞ்சம், ராத்திரி கொஞ்சம் சாப்பிட்டு மீதி நேரம் சும்மா கெடக்கும். டெக்சாஸ் ரெக்கார்ட் பாஸ், 18.18 பவுண்டு, லேக் ஃபோர்க்ல சிக்கினது 1992 ஜனவரில, நல்ல குளிர்காலத்துல, அதையும் யோசிச்சுப் பாருங்க.

சேண்ட் பாஸ்லருந்து ஆரம்பிக்கலாம். புக்ல இதுக்கு ஒயிட் பாஸ்னு பேரு, டெக்சாஸ்ல யாரும் அப்படிச் சொல்றதில்ல. இது கூட்டமா திரியற மீன், ஷாட்னு சொல்ற சின்ன வெள்ளி மீனுங்கள மேல்தண்ணிக்கு வெரட்டி வெரட்டித் தின்னும், அப்ப தண்ணி மழை பேஞ்ச மாதிரி துள்ளும். வெயில் ஏறுறதுக்கு முன்னாடி ஒருதரம், சாயங்காலம் ஒருதரம் இந்தக் கூத்து நடக்கும். தண்ணியப் பாக்காதீங்க, மொதல்ல வானத்தப் பாருங்க, கொக்கும் நீர்ப்பறவையும் ஒரே எடத்துல வட்டம் போட்டு எறங்குதுன்னா அங்கதான் மீன். முக்கா அவுன்ஸ் ஸ்லாப் ஒண்ணு, அதாவது தட்டையான ஈயத் துண்டுல முள்ளு மாட்டினது, வெள்ளி கலரோ பச்சமஞ்சளோ, கூட்டத்துக்கு அந்தப் பக்கம் வீசி கூட்டத்துக்குள்ள இழுத்துட்டு வாங்க. நேரா நடுவுல போட்டா பயந்து கீழ போயிரும். ரெண்டு மூணு நிமிஷத்துல எப்படியும் கீழ போகத்தான் போகுது, அப்ப ஸ்லாப்ப அடி வரைக்கும் விட்டு தூண்டில் கம்பிய ஒரு வெட்டு வெட்டித் தூக்கி திரும்ப விழ விடுங்க, அது விழும்போதுதான் அடிக்கும். படகு இல்லன்னா அணைக்கட்டு கல்லு மேல நின்னு காத்து அடிக்கிற பக்கமா போடுங்க.

சேண்ட் பாஸ் ஒரு நாளைக்கு 25 வரைக்கும் எடுக்கலாம், கொறஞ்சது 10 இஞ்ச் இருக்கணும். இதுல ஒரு பொறி இருக்கு, ஹைப்ரிட் ஸ்ட்ரைப்பர்னு ஒண்ணு இதே மாதிரி இருக்கும், அது 18 இஞ்சுக்குக் கம்மின்னா விட்டுறணும், அஞ்சுக்கு மேல எடுக்கக்கூடாது. நாக்கத் தடவிப் பாருங்க, சொரசொரன்னு பல்லுத் திட்டு ஒண்ணு இருந்தா சேண்ட் பாஸ், ரெண்டு இருந்தா ஹைப்ரிட். லேக் டெக்சோமாவுக்குத் தனி ரூல். அங்க ஸ்ட்ரைப்பர் (கோடு போட்ட பெரிய பாஸ் ஜாதி) புடிக்கப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை, சூட்டுத்தண்ணில புடிச்சு விட்ட ஸ்ட்ரைப்பர் பெரும்பாலும் பொழைக்காது, நீந்திப் போற மாதிரி தெரியும், கொஞ்ச நேரத்துல செத்து மெதக்கும். அதனால கணக்குக்கு புடிச்சதும் நிறுத்திட்டுக் கெளம்பிருங்க.

அடுத்தது நம்ம ஆளு, கெளுத்தி. இங்க சேனல், ப்ளூ, ஃப்ளாட்ஹெட்னு மூணு ஜாதி, கரைல ஒக்காந்து போடறவங்களுக்கு சேனல் கெளுத்திதான் தோது. கோடைல எல்லாரும் பண்ற தப்பு, பெரிய மீன் ஆழத்துலதான் இருக்கும்னு ஏரியோட ஆழமான குழில இரையப் போட்டு ராத்திரி முழுக்கத் தவம் கெடக்கறது. மேல சொன்ன கதைதான், அங்க ஆக்சிஜனே இல்ல, கெளுத்தி அங்க என்ன பண்ணும். 8லருந்து 15 அடி ஆழம் போதும், இருட்டினப்புறம் இன்னும் கரையோரமா வரும்.

இங்க ஆளுங்க மைலோன்னு ஒரு தானியத்த ஊற வச்சு புளிக்க வச்சு தண்ணில தூவுவாங்க. என்னடா இந்த மைலோன்னு தீவனக்கடைல மூட்டையப் பிரிச்சுப் பாத்தா நம்ம ஊர் சோளம்! அப்புறம் என்ன, நமக்குப் புளிக்க வைக்கச் சொல்லியா தரணும். மூடி போட்ட வாளில பாதிக்கு சோளம், அது முழுகுற அளவுக்குத் தண்ணி, வெளில வெயில்ல மூணு நாலு நாள். மூடிய இறுக்கமா போட்டுறாதீங்க, உள்ள காத்து சேந்து வெடிக்கும். நாத்தம் கண்ணுல தண்ணி வர வைக்கும், அப்ப ரெடின்னு அர்த்தம். சாயங்காலம் போனதும் ரெண்டு மூணு கப் ஒரே எடத்துல வீசிட்டு அர மணி நேரம் டீ குடிங்க, அதுக்கப்புறம் தூண்டில்.

தூண்டில் கட்டறது ரொம்ப சுலபம். ஓட்டை போட்ட ஈயக்குண்டு ஒரு அவுன்ஸ், அதுல தூண்டில் நரம்பக் கோத்து கீழ ஸ்விவல், அதாவது நரம்பு முறுக்காம சுத்தற வளையம், அதுலருந்து ஒன்னரை அடி நரம்பு, நுனில வட்டமா வளைஞ்ச சர்க்கிள் முள்ளு. குண்டு தரைல கெடக்கும், மீன் இழுத்தா நரம்பு மட்டும் ஓடும், கனம் தெரியாது. இரைக்கு கோழி ஈரல், இல்லன்னா பூண்டுல ஊற வச்ச ஹாட்டாக் துண்டு. சர்க்கிள் முள்ளுல ஒரு விஷயம், நம்ம கை சும்மா இருக்காது, தக்கை ஆடினா வெடுக்குன்னு இழுத்துப் பழகினவங்க நாம, இதுல இழுத்தீங்கன்னா முள்ளு வாய்லருந்து உருவிட்டு வந்துரும், கம்பி வளையற வரைக்கும் விட்டு அப்புறம் சும்மா ரீலச் சுத்துங்க, அதுவே கடவாய்ல மாட்டிக்கும். பஞ்ச் பெய்ட்னு சீஸ்ல பண்ண ஒரு இரை டப்பால கெடைக்கும், அது நல்லாவே வேலை செய்யும், ஆனா நான் அந்த டப்பாவ மறந்து கார் டிக்கில ரெண்டு நாள் வுட்டுட்டேன், நூறு டிகிரி வெயில்ல மூடி தூக்கிட்டு வெளில வந்திருச்சு. அந்தக் கார்ல என் வீட்டம்மா ஒரு மாசம் ஏறல.

முள்ளு கழட்டும்போது பாத்து. முதுகுல ஒண்ணு, செவுளுக்குப் பின்னாடி பக்கத்துக்கு ஒண்ணு, மூணு ஈட்டி இருக்கும், சின்னக் கெளுத்திக்குத்தான் கூர்மை ஜாஸ்தி. வயித்துப் பக்கமா கைய விட்டு, பக்க முள்ளுக்குப் பின்னாடி விரல் அடங்கற மாதிரி புடிச்சீங்கன்னா துள்ளினாலும் குத்தாது. குத்திருச்சுன்னா கை பொறுக்குற சூட்டுல வெந்நில முக்கி வைங்க, கடுப்பு எறங்கும்.

குழந்தைங்கள கூட்டிட்டுப் போறீங்கன்னா இதெல்லாம் வேணாம், ப்ளூகில் போதும். உள்ளூர்ல இத பெர்ச்னு சொல்லுவாங்க, உள்ளங்கை அளவு, வட்டமா, செவுளுகிட்ட கருப்புப் பொட்டு. படகுத்துறை நெழல், பாலத்து நெழல், தண்ணில சாஞ்ச மரம், நெழல் எங்கயோ அங்க நிக்கும், கோடை முழுக்க அப்பப்ப முட்டையும் போடும், கரையோரம் மண்ணுல சின்னச் சின்ன குழியா வரிசையா தெரிஞ்சா அது இது கூடுதான். 8ஆம் நம்பரோ 10ஆம் நம்பரோ சின்ன முள்ளு, விரல் கனத்துல தக்கை, ஒரு துண்டு மண்புழு. முள்ளு பெருசா போச்சுன்னா இரைய மட்டும் கொறிச்சுட்டுப் போயிரும். என் பொண்ணு போன ஆகஸ்ட்ல புல்லுல வெட்டுக்கிளி புடிச்சு அதையே மாட்டணும்னு அடம், சரின்னு மாட்டி தக்கை இல்லாம அப்படியே மேல வுட்டோம், அது ரெண்டு ஒதை ஒதைச்சுது, கீழருந்து ஒரு மீன் வந்து மூக்குக்கு நேரா நின்னு ஒரு நொடி பாத்துது, அப்புறம் சப்புன்னு ஒரு சத்தம், வெட்டுக்கிளியக் காணோம். அதுக்கப்புறம் தூண்டில் என் கைக்கு வரவே இல்ல. இதுக்கு டெக்சாஸ்ல அளவுக் கட்டுப்பாடும் இல்ல, எண்ணிக்கைக் கட்டுப்பாடும் இல்ல.

நடு மதியம் மத்த மீனெல்லாம் சுருண்டு கெடக்கும்போது ஜாலியா திரியற ஒரே ஆளு கார் (gar)ங்கற மீன். மொதலை மாதிரி மூக்கு நீண்ட மீன், இதுக்கு மட்டும் ஆக்சிஜன் பிரச்சனையே கெடையாது, ஏன்னா மேல வந்து வாயத் தொறந்து காத்தையே குடிக்கும், அந்த மொட்டு மொட்டுன்னு வர்ற குமிழி வச்சே கண்டுபுடிக்கலாம். வாய் முழுக்க எலும்பு, முள்ளு ஏறாது. அதனால முள்ளே வேணாம், வெள்ளை நைலான் கயிறு ஒரு சாண் வெட்டி இழை இழையா பிரிச்சு விட்டு போலி இரை மாதிரி இழுங்க, கடிச்சதும் பல்லுல நூல் சிக்கிக்கும். புடிச்சப்புறம் கையுறையும் குறடும் வச்சு நூல கடைசி இழை வரைக்கும் எடுத்துறணும், அறுத்து விட்டா அது வாய் தொறக்க முடியாம பட்டினி கெடந்து சாகும். இதோட முட்டை வெஷம், தெரியாம குழம்புல போட்டுறாதீங்க. அலிகேட்டர் கார் மாட்டினா நாளைக்கு ஒண்ணுதான், எடுத்துட்டுப் போனா 24 மணி நேரத்துல பார்க்ஸ் அண்ட் ஒயில்ட்லைஃப் டிபார்ட்மென்ட்டுக்கு ரிப்போர்ட் பண்ணணும்.

கெண்டை, அதாவது கார்ப், டப்பா மக்காச்சோளம் ரெண்டு மணி மாட்டிப் போட்டா வரும், கம்பிய மட்டும் தரைல சும்மா வைக்காதீங்க, கம்பியோட போயிரும். ஆஸ்டின், சான் மார்க்கஸ் பக்கம் இருக்கறவங்க ரியோ கிராண்டே சிக்லிட் புடிச்சுப் பாருங்க, நம்ம ஜிலேபி கெண்டைக்கு ஒண்ணுவிட்ட சொந்தம், அமெரிக்கா மண்ணுக்கே சொந்தமான ஒரே சிக்லிட்.

லைசென்ஸ் விஷயம்: 17 வயசு ஆயிருச்சுன்னா வேணும், ஸ்டேட் பார்க் உள்ள கரைல நின்னு புடிச்சா வேணாம். சாதாரண லைசென்ஸ் ஆகஸ்ட் 31ஓட முடிஞ்சுரும், ஆகஸ்ட் பத்தாந்தேதி வாங்கிட்டு செப்டம்பர்ல முழிக்காதீங்க, வாங்கின நாள்லருந்து ஒரு வருஷம் வர்றதுன்னு தனியா ஒண்ணு இருக்கு, ஒரு நாளைக்கு மட்டும்னும் இருக்கு. ட்ரினிட்டி ஆத்துல டாலஸ், ஃபோர்ட் வொர்த் பக்கம் புடிச்ச மீன சாப்பிடறதுக்கு எச்சரிக்கை போட்டிருக்காங்க, அங்க புடிச்சு விட்டுட்டு வந்துருங்க.

வீட்டுக்குக் கொண்டு வர்றதா இருந்தா புடிச்ச ஒடனே செவுள அறுத்து ரத்தம் வடிய விட்டு ஐஸ்ல போடுங்க, வாளித் தண்ணில மெதக்க விட்டா அந்தச் சூட்டுல ஒரு மணி நேரத்துல கொழகொழன்னு ஆயிரும். சேண்ட் பாஸ் சதைல நடுவுல செவப்பா ஒரு பட்டை ஓடும், அத சீவி எறிஞ்சா கவுச்சி போச்சு, மீதிய மொளகாத்தூள் பெரட்டி வறுங்க. கெளுத்திக்குத் தோலு உரிச்சு, கல்லுப்பும் மஞ்சளும் போட்டு ரெண்டு தரம் அலசி, புளி கொஞ்சம் தூக்கலா வச்ச குழம்பு. ஆடிக் கூழுக்கு இங்க கருவாட்டுக்கு எங்க போறது, எங்க வீட்டுல இப்ப ரெண்டு வருஷமா முந்தின நாள் வச்ச கெளுத்திக் குழம்புதான்.