உடை உடலில் சரியாக விழ: பிளெண்டரில் துணி சிமுலேஷன்

முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரில் ஓர் உருவத்துக்கு உடை உடுத்தும்போது துணி தோலுக்குள் புகுந்துகொண்டாலோ ரப்பர் போல இழுபட்டுத் தொங்கினாலோ, பலரும் முதலில் கைவைப்பது துணியின் விறைப்பைச் சொல்லும் ஸ்டிஃப்னெஸ் எண்களில். கோளாறு பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும். அளவு, உடல், மெஷ் (துணியின் கண்ணி வலை) மூன்றும் ஒழுங்காக இருந்தால், பிளெண்டர் தானாகத் தரும் எண்களே பல உடைகளுக்குப் போதும். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை தொங்கும் ஒரு ஸ்கர்ட்டை வைத்து வரிசையாகப் பார்ப்போம்.

அளவு

1.7 மீட்டர் உயர மனிதர் பிளெண்டரிலும் 1.7 மீட்டராகவே நிற்க வேண்டும். வேறு மென்பொருளிலிருந்து வரும் உருவங்கள் சென்டிமீட்டர் கணக்கைச் சுமந்து வந்து 170 மீட்டர் ராட்சதராக நிற்பதுண்டு. உருவம் எவ்வளவு பெரிதானாலும் புவியீர்ப்பு 9.81 தான், விழும் நேரமோ உயரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடும். 100 மடங்கு பெரிய உருவத்தில் துணி 10 மடங்கு நேரம் எடுத்து, பாராசூட் இறங்குவது போல இறங்கும். உருவத்தைச் சுருக்கிய பின் கன்ட்ரோல்-ஏ அழுத்தி ஸ்கேலை அப்ளை செய்யுங்கள் (புதிய அளவையே மூல அளவாக நிலைப்படுத்துவது). ஆர்மேச்சர் (உருவத்தை அசைக்கும் எலும்புக்கூடு), உடல் இரண்டுக்கும் செய்ய வேண்டும், அதுவும் அனிமேஷன் ஏற்றும் முன்பே.

உடல்

ரெண்டருக்கான (இறுதிப் படத்துக்கான) உடலையே மோதலுக்கும் பயன்படுத்தாதீர்கள். ஒரு நகல் எடுத்து, கண், பல், நாக்கு, இமைமுடி எல்லாவற்றையும் நீக்கி, சில ஆயிரம் முகங்களுக்கு (மெஷ்ஷின் சிறு தட்டைத் துண்டுகள்) குறைத்து, ரெண்டரில் தெரியாதபடி வையுங்கள். அதே ஆர்மேச்சர் அதையும் அசைக்கட்டும். மாடிஃபையர் (பொருளின் மேல் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்யும் மாற்றிகள்) வரிசையில் ஆர்மேச்சர் மேலே, துணியை மோதித் தடுக்கும் கொலிஷன் கீழே. நார்மல்கள் (ஒவ்வொரு முகமும் பார்க்கும் திசை) எல்லாம் வெளிப்பக்கம் பார்க்கின்றனவா என்று ஒருமுறை சரிபாருங்கள். உட்பக்கம் திரும்பிய இடத்தில் துணி உடலுக்குள் இழுக்கப்படும்.

அதிகத் தொல்லை தருபவை அக்குளும் தொடை இடுக்கும். கால்கள் நெருங்கும்போது இரண்டு தொடைகளும் ஒன்றுக்குள் ஒன்று சற்றே நுழைந்துவிடும். ரெண்டரில் அது தெரியாது. நடுவில் மாட்டிய துணியை இடது தொடை வலப்பக்கமும் வலது தொடை இடப்பக்கமும் தள்ளும். போக இடமில்லாத துணி துடித்து, சில ஃபிரேம்களில் வெடித்துச் சிதறும். எந்த ஸ்டிஃப்னெஸ் எண்ணும் இதைத் தீர்க்காது. நகல் உடலின் உள்தொடையையும் அக்குளையும் ஸ்கல்ப்ட் மோடில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் செதுக்கிக் குறையுங்கள். துணி மூடப்போகும் பகுதி என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

அடுத்தது இடைவெளி. கொலிஷனில் வெளித்தடிமன் 0.02 மீட்டர் என்றும், துணியின் மோதல் தூரம் 0.015 மீட்டர் என்றும் வரும். இரண்டும் சேர்ந்தே இடைவெளியை முடிவு செய்வதால், மாற்றாமல் விட்டால் துணி தோலிலிருந்து ஏறத்தாழ 3.5 செ.மீ. தள்ளி மிதக்கும். இரண்டையும் 0.003க்குக் கொண்டுவாருங்கள்.

மெஷ்

ஒரு மடிப்பு வளைவாகத் தெரிய அதன் அகலத்துக்குள் நான்கைந்து எட்ஜாவது (முகத்தின் விளிம்புக் கோடு) வேண்டும். 5 செ.மீ. மடிப்புகள் வேண்டுமென்றால் எட்ஜ் நீளம் 1 செ.மீ. நாலு சதுர மீட்டர் துணிக்கு இது 40,000 முகங்கள். அரை சென்டிமீட்டர் என்றால் 1,60,000. சோதனைக்கு 2 செ.மீ., இறுதிக்கு 1 செ.மீ. என்று வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பிளெண்டரில் எடை ஒவ்வொரு வெர்டெக்ஸுக்கும் (எட்ஜ்கள் சந்திக்கும் புள்ளி) தனித்தனி. எட்ஜைப் பாதியாக்கினால் வெர்டெக்ஸ் எண்ணிக்கை நான்கு மடங்காகும், துணியின் மொத்த எடையும் நான்கு மடங்காகும். நேற்று ஒழுங்காகத் தொங்கிய ஸ்கர்ட் இன்று இழுபடுவதற்குக் காரணம் இதுவே. வெர்டெக்ஸ் மாஸை நாலில் ஒன்றாக்கிவிடுங்கள்.

தடிமனுக்கான சாலிடிஃபை மாடிஃபையரும் வழவழப்புக்கான சப்டிவிஷனும் துணி சிமுலேஷனைச் செய்யும் கிளாத் மாடிஃபையருக்குக் கீழேதான் வர வேண்டும். சாலிடிஃபை மேலே இருந்தால் உள்ளும் புறமுமாக இரண்டு அடுக்குத் துணி ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருக்கும்.

உடுத்துவது

சிமுலேஷனை இறுதிப் போஸில் தொடங்கக் கூடாது. முதல் ஃபிரேமில் உருவம் ஏ-போஸில் (கைகள் சற்றே விலகிச் சாய்ந்த நிலை) நிற்கட்டும். துணி எங்கும் உடலைத் தொடாமல் ஓரிரு சென்டிமீட்டர் விலகி இருக்கட்டும். 1 முதல் 30 வரை துணி அமர விடுங்கள். 30 முதல் 70 வரை உருவம் மெல்லப் போஸுக்கு வரட்டும். 70 முதல் 100 வரை அசையாமல் நிற்கட்டும், மடிப்புகள் அடங்கும். அனிமேஷன் என்றால் உண்மையான அசைவு 101இல் தொடங்கும்.

இடுப்பு வரிசை வெர்டெக்ஸ்களை 1 எடையில் ஒரு குரூப்பாக்கி பின் குரூப்பில் (துணியை உடலோடு பிடித்துவைக்கும் பகுதி; இங்கே எடை என்பது பிடிப்பின் அளவு) கொடுங்கள். அதற்கடுத்த இரண்டு வரிசைகளுக்கு 0.6, 0.3 என்று குறைத்துக்கொண்டே போனால் பின் முடியும் இடத்தில் கோடு போட்டது போன்ற மடிப்பு விழாது. பின் செய்த பகுதி இடுப்போடு நகர, ஸ்கர்ட்டிலும் கிளாத்துக்கு மேலே ஆர்மேச்சர் இருக்க வேண்டும். கீழே வைத்தால் துணி எலும்போடு இன்னொரு முறை நகர்ந்து உடலை விட்டுக் கழன்றுபோகும்.

எண்கள்

காட்டன்: எடை 0.3, டென்ஷன் (இழுவைக்கு எதிர்ப்பு) 15, பெண்டிங் (வளைவுக்கு எதிர்ப்பு) 0.5. பட்டு: 0.15, 5, 0.05. டெனிம்: 1, 40, 10. இவை பிளெண்டரிலேயே உள்ள ப்ரீசெட்கள் (தயார் அமைப்புகள்). துணியின் குணத்தை அதிகம் மாற்றுவது பெண்டிங். குறைந்தால் நெருக்கமான சிறு மடிப்புகள், கூடினால் அகலமான உருண்ட மடிப்புகள். அதை மட்டும் மாற்றிப் பார்த்துவிட்டுப் பிறகு மற்றவற்றைத் தொடுங்கள். ஏர் விஸ்காசிட்டியை (காற்றின் தடையை) 1க்கு மேல் வெகுதூரம் கொண்டுபோனால் துணி நீருக்குள் அசைவது போலாகிவிடும்.

ஒரு ஃபிரேமை எத்தனை படிகளில் கணக்கிடுவது என்று சொல்லும் குவாலிட்டி ஸ்டெப்ஸ் 5 என்று இருக்கும். ஸ்கர்ட்டை உரசிக்கொண்டு ஒரு கை நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வீசுகிறது என்று வையுங்கள். நொடிக்கு 24 ஃபிரேம், ஃபிரேமுக்கு 5 ஸ்டெப் என்றால் ஒரு ஸ்டெப்பில் கை 2.5 செ.மீ. நகரும். சில மில்லிமீட்டர் இடைவெளியை ஒரே தாவலில் கடந்து துணியைத் துளைத்துவிடும். ஸ்டெப்ஸ் 20 ஆனால் தாவல் 6 மி.மீ. ஆகும். அதற்கேற்ப நேரமும் கூடும். நின்ற போஸுக்கு 8 முதல் 10 வரை போதும். துணி இழுபடுவதும் ஸ்டெப்ஸைக் கூட்டினால் பெரும்பாலும் குறையும். டென்ஷனைப் பிறகு தொடலாம்.

துணி தன்மீதே மோதுவதைக் கணக்கிடும் செல்ஃப் கொலிஷனைக் கடைசியில் போடுங்கள், அதன் தூரம் எட்ஜ் நீளத்தைவிடக் குறைவாக இருக்கட்டும். 1 செ.மீ. எட்ஜ் உள்ள துணியில் தானாக வரும் 0.015 மீட்டரை அப்படியே விட்டால் துணி முதல் ஃபிரேமிலிருந்தே நடுங்கும்.

கணக்கிட்ட அசைவைச் சேமிக்கும் கேஷ் 250ஆம் ஃபிரேமோடு நின்றுவிடும், நீளமான அனிமேஷன் என்றால் எண்டை மாற்றுங்கள். டைம்லைனில் நடுவிலிருந்து ஓட்டாமல் 1இலிருந்து ஓட்டுங்கள். ஃபைலை சேமித்துவிட்டு பேக் செய்யுங்கள் (முழு அசைவையும் கணக்கிட்டு நிலைப்படுத்துவது).

மிச்சம் மீதி

எல்லாம் முடிந்தும் ஓரிரு இடத்தில் தோல் எட்டிப்பார்க்கும். அதற்காக மறுபடி பேக் செய்ய வேண்டாம். ஸ்கர்ட் மூடிய தோல் பகுதியை உடலில் மாஸ்க் மாடிஃபையரால் மறைத்துவிடுங்கள். தொழிலில் இருப்பவர்கள் பலரும் செய்யும் வேலை இது. ஒற்றைப் படம் மட்டும் போதுமென்றால், பிடித்த ஃபிரேமில் கிளாத் மாடிஃபையரை ஷேப் கீயாக (சேமித்த வடிவமாக) அப்ளை செய்து, ஸ்கல்ப்ட் மோடின் கிளாத் பிரஷ்ஷால் மடிப்புகளைக் கையால் திருத்தலாம். உள்ளே இன்னொரு உடை இருந்தால் அதை முதலில் பேக் செய்து, அதன் கிளாத்துக்குக் கீழே கொலிஷன் சேர்த்து, பிறகே மேலுடையை ஓட்டுங்கள்.